பாதம் கழுவும் சடங்கு: ஒரு திருத்தம்

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, கத்தோலிக்கத் திருச்சபை உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்திய பெரிய வியாழனன்று நடத்தும் சடங்கில் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களை மட்டுமே கழுவலாம் என்றும், இலங்கையின் வன்னியிலுள்ள ஒரு பங்கில் (ஆலயச் சமூகத்தில்) பெண்களையும் அமர்த்தியது விதிமீறல் என்றும் அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது இன்றைய நிலைக்குப் பொருந்தாது. 1955ஆம் ஆண்டு திருத்தப்பட்ட புனித வார ஒழுங்கு பன்னிரண்டு ஆண்களையே குறிப்பிட்டது என்பது உண்மைதான்; ஆனால் திருத்தந்தை பிரான்சிஸின் விருப்பப்படி 2016 சனவரியில் வெளியான ஆணை, ஆண், பெண், முதியவர், இளையோர், நோயாளர் என்று இறைமக்கள் எல்லோரிலிருந்தும் ஆட்களைத் தெரிவுசெய்ய இடமளித்துவிட்டது.

'நான்கு நற்செய்திகளும் பாதம் கழுவியதைச் சொல்கின்றன' என்று அவர் எழுதியிருப்பதும் தவறு. யோவான் 13ஆம் அதிகாரம் மட்டுமே அதைச் சொல்கிறது. நற்கருணை எனும் திருவிருந்தை ஏற்படுத்தி அப்பத்தையும் கிண்ணத்தையும் பற்றி இயேசு சொன்ன சொற்களோ மற்ற மூன்றில்தான் உள்ளன. இவ்விரண்டையும் ஒரே மாலைத் திருப்பலியில் சேர்த்து வைத்திருப்பது தற்செயலல்ல. பிறருக்குப் பணிசெய்யாமல் திருவிருந்து இல்லை: சிலர் பசித்திருக்கச் சிலர் முந்தியுண்ட கொரிந்தியரின் பந்தியை ஆண்டவரின் திருவிருந்தென ஏற்கப் பவுல் மறுத்தார் (1 கொரிந்தியர் 11).

எங்கள் பங்கில், வயலிலிருந்து நேரே வந்த ஓர் அம்மாவின் வெடித்த குதிக்காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுவாமி (பங்குக் குருவானவர்) துவாயால் இரண்டு தரம் துடைத்ததையும், பின்பு அவரே அந்த அம்மாவுக்கு நற்கருணை வழங்கியதையும் நான் பின்வரிசை வாங்கிலிருந்து பார்த்தேன்.