தடை இல்லை, கட்டுப்படியாகவில்லை

டொயோட்டா ஜிஆர் 86 என்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் புதுப் பாதுகாப்பு விதிகளால் ஐரோப்பாவில் விற்பனையிலிருந்து போனது பற்றி நேற்று நான் போட்ட நாலு வரிக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து அத்தனை சனம் செத்த பிறகும் உனக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேட்குதா?" என்று கேட்ட அண்ணனுக்கு இதயம் போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. சரி, இருக்கட்டும்.

ஐரோப்பா அந்தக் காரைத் தடை செய்தது என்று நான் எழுதவே இல்லை. 2024 ஜூலை 7 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற புதுக் கார்களில் தானாகப் பிரேக் பிடிக்கிற அமைப்பு, வீதியின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி விலகினால் திரும்ப இழுத்துவிடுகிற அமைப்பு, வேக எல்லையைப் பார்த்து எச்சரிக்கிற அமைப்பு எல்லாம் கட்டாயம். லட்சக்கணக்கில் ஓடுகிற மாடலில் அந்தச் செலவு கரைந்துவிடும். கொஞ்சமாக விற்கிற, கூரை தாழ்ந்த, எடை குறைந்த ஒரு காரில் கரையாது. அதனால் 86ஐ இரண்டு வருடம் மட்டும் விற்றுவிட்டு டொயோட்டா அங்கே கடையைக் கட்டியது. கட்டுப்படியாகவில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்.

பொர்ஷே 718 ஸ்போர்ட்ஸ் கார் ஐரோப்பாவில் நின்ற கதை இன்னும் வேடிக்கை. அது மோதினால் நசுங்கும் என்பதற்காகப் போகவில்லை. காரின் கணினிக்குள் யாரும் புகுந்துவிடக் கூடாது என்ற விதிக்கு அதன் பழைய மின்னமைப்பு ஒத்துவரவில்லை. மாற்றிச் செய்யக் கட்டுப்படியாகவில்லை. அவுஸ்திரேலியாவில் 2021இல் நிசான் ஜிடிஆர் போனது, பக்கவாட்டில் கம்பத்தில் மோதவிட்டுப் பார்க்கிற விதியால். அதையும் நான் குறை சொல்லவில்லை. சீட் பெல்ட்டையும் ஏபிஎஸ்ஸையும் வேண்டாம் என்கிற ஆள் நானில்லை. பிரேக் வேலை செய்துதான் சோறு தின்கிறேன்.

ஆனால் இந்த அமைப்புகளுக்குக் கண்ணாக முன் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கேமராவைப் பற்றி என்னிடம் பேச வராதீர்கள். போன மாதம் ஒரு ஹொண்டா வெசல் கார் என் கராஜுக்கு வந்தது. கினிகத்தேனைப் பக்கம் கல் பட்டு முன் கண்ணாடி வெடித்து, எங்கோ வேறு கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கேமரா உட்கார வேண்டிய இடத்தில் இரட்டைப் பக்க டேப். டாஷ்போர்டில் தீபாவளி மாதிரி மஞ்சள் விளக்குகள். "அதை அணைச்சு விடுங்க தம்பி, கண்ணு கூசுது" என்றார் ஐயா. அணைக்க முடியாது, கேமராவைத் திரும்பச் சரிபார்க்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றேன். அப்படியானால் அந்த விளக்குகளுக்கு மேலே ஒரு கறுப்பு டேப் ஒட்டச் சொன்னார். ரம்பொடப் பனியில் வெள்ளைக் கோட்டை நானே தேடித்தான் ஓட்டுகிறேன், கேமராவா கண்டுபிடிக்கப் போகிறது?

"ஐரோப்பாச் சட்டம் அட்டனில் இருக்கிற உனக்கு என்ன?" என்று ஒருவர். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை நம் இலங்கைக்குத் தனியார் கார் கொண்டுவர அநேகமாக வழியே இருக்கவில்லை. இப்போது வருவதும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் யாருக்கு என்று தெரியும். ஒரு பெரிய சந்தை மூடினால் அடுத்த தலைமுறைக் காரைச் செய்வதா என்றே கம்பனி யோசிக்கும். செய்யாத கார் ஜப்பானிலிருந்து எப்படி வரும்?

"நீ வாங்கவா போகிறாய்?" இதுதான் உண்மையான கேள்வி, இல்லையா? மற்றதெல்லாம் சும்மா. வாங்க மாட்டேன். சின்ன வயதில், நுவரெலியா ஏப்ரல் சீசனில், அப்பா என்னைத் தோளில் வைத்து மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி காட்டினார். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய மனிதர். ஒரு சின்னக் கார் வளைவில் பின்பக்கத்தை வீசி, சரளையை எங்கள் காலடியில் தெறிக்கவிட்டு ஏறியது. "எஞ்சின் பெரிசில்லடா, பாரம் கம்மி" என்றார். அந்த ஒரு வரியில்தான் நான் மெக்கானிக் ஆனேன். தோட்டத்து லயத்துப் பையன் பார்த்து ஆசைப்படவும் இனி லைசன்ஸ் எடுக்க வேண்டுமா?

உயிர் முக்கியம் என்கிறீர்கள். 2023இல் ரதல்லையில் பஸ் மோதி வேனிலும் ஓட்டோவிலும் 7 பேர் போனார்கள். 2025 மே மாதம் கெரண்டி எல்லவில் 20 பேருக்கு மேல். இரண்டிலும் ஸ்போர்ட்ஸ் கார் எங்கே? மழையில் டிரக்டர் பெட்டியில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிற நம் தோட்டத்துப் பெண்களுக்கு எந்த விதி பெல்ட் போட்டது? அதைக் கேட்டால் கட்டுப்படியாகாது. 1000 ரூபா நாள் சம்பளம் கேட்டபோதும் கட்டுப்படியாகாது, 1700 கேட்டபோதும் கட்டுப்படியாகாது. நமக்கு மட்டும் எதுவுமே கட்டுப்படியாவதில்லை. காரைப் பற்றித்தான் எழுத வந்தேன், எங்கேயோ போய்விட்டது. போகட்டும்.

அண்ணனுக்கு ஒன்று. உங்கள் புரொபைல் படத்தில் சாய்ந்து நிற்கிறீர்களே அந்த டபுள் கெப் பிக்கப், அதன் முன் இடது டயரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்பக்கம் கம்பி தெரிகிறது. நாளை ஞாயிறு, கராஜ் பூட்டு. திங்கட்கிழமை காலையில் கொண்டு வாருங்கள், அதுவரை மலை இறங்க வேண்டாம்.