ஒன்பது மில்லிமீட்டர்

எங்கள் ரக்பி கிளப்பில் சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை உடம்பு வலி. வலியோடு கிளப் டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து ஃபார்முலா ஒன் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு நாளும் அதே ஆட்கள், அதே வாய்கள். ஆனால் சனிக்கிழமைக்கு ஒரு நியாயம், ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு நியாயம். ரொம்ப நாளாக உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். கிளப் ஆட்கள் படித்துவிட்டுத் திட்டுவதென்றால் கமெண்டிலேயே திட்டலாம்.

2025 நவம்பரில் நடந்த லாஸ் வேகஸ் பந்தயம். இரண்டாவதாக வந்த லாண்டோ நோரிஸ், நான்காவதாக வந்த ஆஸ்கார் பியாஸ்ட்ரி, இரண்டு பேருடைய மெக்லாரன் கார்களும் பந்தயம் முடிந்த பிறகு தகுதி நீக்கம். காருக்கு அடியில் பொருத்தியிருக்கும் பலகை 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருக்கக் கூடாது. தேய்ந்திருந்தது. நோரிஸ் காரில் வித்தியாசம் 0.12 மி.மீ. நகத்தின் கனம்கூட இல்லை. வேண்டுமென்று செய்ததல்ல என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட கையோடு புள்ளிகளைப் பிடுங்கியும் விட்டார்கள். அந்த வருடம் நோரிஸ் போட்டி ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனை முந்திச் சாம்பியன் ஆனது 423க்கு 421 என்ற கணக்கில். இரண்டே புள்ளி. லாஸ் வேகஸில் போனது இரண்டாம் இடத்துக்கான 18.

அன்றைக்கு எங்கள் ப்ராப் அண்ணன் (ஸ்க்ரம் என்கிற தள்ளுமுள்ளில் முன்வரிசைக்காரர்) சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னது: "விதின்னா விதிதான். மில்லிமீட்டரா இருந்தா என்ன, மீட்டரா இருந்தா என்ன?"

இதே அண்ணன் முந்தின நாள் எதிரணி விங்கரின் தாடையில் தோளை இறக்கி மஞ்சள் அட்டை வாங்கியவர். வெளியே வந்து உட்கார்ந்த பத்து நிமிடமும் ஒரே புலம்பல்: "வேணும்னா செஞ்சேன்? அவன்தான் குனிஞ்சான்."

அந்தப் பலகை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1994இல் இமோலா பந்தயத்தில் ஒரே வார இறுதியில் ராட்சன்பெர்கர், சென்னா என்று இரண்டு ஓட்டுநர்கள் இறந்தார்கள். கார்கள் தரையை ஒட்டிப் பறப்பதைத் தடுக்க, அதே வருடம் அடியில் பலகை பொருத்தச் சொன்னார்கள். மில்லிமீட்டர் கணக்குக்குப் பின்னால் இரண்டு சாவு இருக்கிறது. அதனால்தான் அங்கே 'வேணும்னா செஞ்சேன்?' எடுபடுவதில்லை.

இப்போது ரக்பிக்கு வருகிறேன். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியைப் பற்றி எங்கள் கிளப்பில் இன்னமும் சண்டை ஓயவில்லை. முதல் பாதியிலேயே நியூசிலாந்து கேப்டன் சாம் கேனின் தோள் எதிராளியின் தலையில் பட்டது. முதலில் மஞ்சள். பிறகு வீடியோ பார்த்து அது சிவப்பானது, அதாவது மீதி ஆட்டம் முழுக்க ஒரு ஆள் குறைவு. ஆண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அதுவரை யாரும் சிவப்பு அட்டை வாங்கியதில்லை. இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் கோலிசியும் எதிராளியின் தலையில் மோதினார், அவருக்கு மஞ்சளோடு முடிந்தது. தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. "ஒரு அட்டை கோப்பையைத் தின்னுடுச்சு" என்பது கிளப்பில் பெரும்பான்மைக் கட்சி.

நான் சிறுபான்மை. கோப்பையைத் தின்றது அட்டையில்லை, அந்தத் தோள். ஆனால் ஒரு விஷயத்தில் பெரும்பான்மைக் கட்சியோடு ஒத்துப்போகிறேன். ஒன்று சிவப்பு, இன்னொன்று மஞ்சள், ஏன்? வீடியோ திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் நடுவர் எட்டு நிமிடத்துக்குள் முடிவு சொல்கிறார். காரணம் வீட்டில் பார்ப்பவனுக்கு வந்து சேருவதில்லை. கார் பந்தய அதிகாரிகள் அன்றைக்கே காரணத்தை எழுத்தில் வெளியிட்டுவிடுகிறார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, படித்துவிட்டாவது திட்டலாம்.

இந்தப் புகைச்சலுக்கு மருந்தாகத்தான் இருபது நிமிடச் சிவப்பு அட்டையைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவின் ஆறு நாட்டு ரக்பித் தொடரான சிக்ஸ் நேஷன்ஸிலும் 2025இல் அது இருந்தது. தப்பு செய்தவன் போனால் போனதுதான், ஆனால் இருபது நிமிடம் கழித்து அவன் இடத்தில் வேறொருவன் இறங்கலாம். வேண்டுமென்றே அடித்தால் மட்டும் பழையபடி முழுச் சிவப்பு. கிளப்பில் எல்லோருக்கும் பரம திருப்தி. எனக்கு 2021 சில்வர்ஸ்டோன் கார் பந்தயம் ஞாபகம் வருகிறது. ஹாமில்டனோடு உரசி வெர்ஸ்டாப்பன் 51ஜி விசையோடு (புவியீர்ப்பைப் போல 51 மடங்கு) தடுப்பில் போய் அறைந்தார். அவர் மருத்துவமனைக்குப் போனார். ஹாமில்டன் பத்து விநாடித் தண்டனையையும் கழித்துவிட்டு ஜெயித்தார். அன்றைக்கு இதே டிவி முன்னால் "இதெல்லாம் ஒரு தண்டனையா?" என்று கத்தியவர்கள்தான் இன்றைக்கு இருபது நிமிடம் போதும் என்கிறார்கள். தண்டனை மலிவாக இருந்தால் அணி அதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். நானே பயிற்சியாளராக இருந்தாலும் போடுவேன்.

"விளையாட்டு மிருதுவாயிடுச்சு" என்பது அடுத்த புலம்பல். 2018இல் கார் ஓட்டுநரின் தலையைக் காக்கும் வளையமான ஹேலோ வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள், செருப்பு வார் மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். அப்போது ஹேலோ வேண்டாம் என்றவர்களில் ஓட்டுநர் ரொமைன் குரோஷானும் ஒருவர். 2020 பஹ்ரைனில் அவருடைய கார் தடுப்பைப் பிளந்துகொண்டு போய் இரண்டாக உடைந்து எரிந்தது. 28 விநாடி நெருப்புக்குள் இருந்துவிட்டு உயிரோடு ஏறி வந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ஹேலோவைப் புகழ்ந்து வீடியோ போட்டார்.

ரக்பிக்காரனுக்குச் சுற்றிலும் கார் இல்லை. தலையில் கட்டும் ஸ்க்ரம் கேப் காது கிழியாமல் காக்கும், மண்டைக்குள் மூளை ஆடுவதை நிறுத்தாது. 2025 பெண்கள் உலகக் கோப்பையில் பலமான அடி விழுந்தால் சிவப்பாக மின்னும் பல்காப்பு வந்தது. நல்ல விஷயம், ஆனால் அது அடி விழுந்த பிறகு மின்னுவது. விழாமல் தடுக்க, எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளின் உயரத்தைக் குறைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. நம் மட்டத்து ஆட்டத்தில் பல நாடுகளில் மார்பெலும்புக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்று வந்தாயிற்று. முழங்கால் மடங்காத நாற்பது வயது ப்ராப்களுக்கு இது கொடுமைதான், மறுக்கவில்லை. நானும் அந்த வயதுதான்.

2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து ஹூக்கர் ஸ்டீவ் தாம்ப்சனுக்கு 42 வயதில் மறதி நோய். அந்த இறுதிப் போட்டியில் ஆடியதே ஞாபகமில்லை என்று 2020இல் சொன்னார். இதை நான் கிளப்பில் சொல்லும்போதெல்லாம் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் ஃப்ளாங்கர் பையன் ஒருவன், கீழே கிடக்கும் பந்துக்காக முட்டிமோதும் ரக்கில் தலையில் முட்டு வாங்கினான். எழுந்து, எங்கள் பக்கம் வராமல் எதிரணி வரிசையில் போய் நின்றான். பெரிய ஆட்டத்தில் மருத்துவர் 12 நிமிடம் சோதித்துவிட்டுத் திரும்ப அனுப்பவும் கூடும். நம்மிடம் ஏது மருத்துவர்? சந்தேகம் வந்தால் வெளியே, அன்றைக்கு அவ்வளவுதான். பந்து எங்கள் கையில், எதிரணிக் கோட்டுக்கு ஐந்து மீட்டர் தூரம், மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறோம். "ஒரு ஸ்க்ரம் மட்டும் இருக்கட்டும்ணே" என்று கெஞ்சினான். வெளியே இழுத்து வந்தது யார் தெரியுமா, அந்த ப்ராப் அண்ணன். சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். தோற்றோம்.

அடுத்த சனிக்கிழமை ஓரக்கோட்டில் நிற்கும் டச் ஜட்ஜின் கொடி என் கையில். தலையில் அடிபட்டதால் பையன் ஆடாமல் இருக்க வேண்டிய 21 நாள் முடிய இன்னும் ஒரு வாரம் பாக்கி. இன்னொரு பக்கக் கொடியைப் பிடிக்க அவனை வரச்சொல்லியிருக்கிறேன். கோபத்தில் இருக்கிறான், இதுவரை பதில் போடவில்லை.