மணிக்கணக்கு பார்ப்பதை நிறுத்துங்கள்

வளரிளம் பிள்ளைகளின் இணையப் பழக்கம் என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள் மணிக்கணக்கில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை மணி நேரம் போனும் கையுமாக இருக்கிறான், இரவு எத்தனை மணிக்கு அதைக் கீழே வைக்கிறாள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள் என்று ஒருவராவது விசாரிக்கிறார்களா?

2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் வீடியோ கேம் சார்ந்த கோளாறு இடம்பெற்றிருக்கிறது. அந்த வரையறையில் மணிக்கணக்கே கிடையாது. கட்டுப்பாடு கைநழுவுவது, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் வந்தும் விடமுடியாதது, அதனால் குடும்பமும் நட்பும் படிப்பும் குலைவது ஆகியவைதான் அளவுகோல்.

1998இல் ராபர்ட் கிராட் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள், இணையம் கூடக்கூட வீட்டில் பேச்சு குறைந்து தனிமை கூடுவதாக எழுதினார்கள். அவர்களே 2002இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் படம் மாறியது. கலகலப்பானவர்களுக்கும் உறவுகளின் துணை உள்ளவர்களுக்கும் இணையம் நன்மையே செய்திருந்தது. அதிகம் பேசிப் பழகாத சுபாவம் உள்ளவர்களுக்கும் துணை குறைந்தவர்களுக்கும்தான் அது பாதகமாக முடிந்தது. இதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். வகுப்புத் தோழிகள் அவளை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார்கள். நெருங்கிய தோழிக்கு அனுப்பிய செய்தியில் நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கொரு முறை திறந்து பார்க்கிறாள். நள்ளிரவில் முகம் தெரியாத யாரோ ஒருவர் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார். அங்கேயே ஒட்டிக்கொள்கிறாள். காலையில் தூக்கக் கலக்கம், எரிச்சல், வீட்டில் சண்டை. சண்டை முற்ற முற்ற அவள் அந்தத் திரைக்குள் இன்னும் ஆழமாகப் போகிறாள். எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்ல முடியாத சுழல் இது.

இந்த நிலையில் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே பேச்சுத்துணையும் போய்விடுகிறது. முகம் தெரியாதவரால் ஆபத்து வரலாம் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல அவள் உங்களிடம் வர வேண்டுமே! மகள் பேச வரும்போது தன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் "ம், சொல்லு" என்கிற அப்பாவிடம் எந்தப் பிள்ளை வரும்?

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூங்கும் நேரத்தில் எல்லோருடைய போனும், பெற்றோருடையது உட்பட, படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். ஆனால் அந்த விதியைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பேசும்போது அவளுடைய தோழிகளின் பெயர்களையும் கேளுங்கள். போன மாதம் வரை வாய் ஓயாமல் சொன்ன ஒரு பெயர் இப்போது வரவில்லை என்றால், அதைப் பற்றி முதலில் விசாரியுங்கள்.