குழந்தையை எங்கே விடுவது என்பதையும் அந்த அறிவிப்பிலேயே எழுதியிருக்கலாம்

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் குழந்தைகளை வளாகத்துக்குள் அழைத்து வரக் கூடாது என்று சேலம் அழகாபுரத்து அடுக்ககம் ஒன்றின் லிஃப்ட் கதவில் ஒட்டப்பட்ட அந்த அறிவிப்பை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை மறுபடியும் இங்கே எடுத்துப் போடவில்லை. அது இங்கே பகிரப்பட்டபோது அதன் கீழே நான் எழுதிய கருத்தையும், அதற்கு வந்து விழுந்த பதில்களையும் படித்திருப்பீர்கள். "சமையற்கார அம்மாவெல்லாம் சட்டம் பேச வந்துவிட்டார்" என்று எழுதிய நண்பருக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சமையல் வேலைக்குப் போகிறவள்தான். அதை ஒருநாளும் மறைத்ததில்லை. அந்த அடுக்ககத்திலேயே இரண்டு வீடுகளில் சமைக்கிறேன், ஒன்றில் பாத்திரமும் சேர்த்து. நான் கேட்டது ஒரே கேள்வி. வேலைக்கு வருகிறவர்கள் குழந்தைகளை வளாகத்துக்குள் அழைத்து வரக் கூடாது என்றால், அந்தக் குழந்தைகளை எங்கே விட்டுவிட்டு வர வேண்டும்?

பாதுகாப்பு, சுகாதாரம், பராமரிப்புக் கட்டணம், சங்கத்தின் விதி என்று எல்லாவற்றைப் பற்றியும் விரிவாக எழுதினார்கள். எங்கே விடுவது என்பதற்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஒருவர் பால்வாடியைச் சுட்டிக்காட்டியிருந்தார், அதற்கு நன்றி. 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம்தான் அது. எங்கள் தெரு டீச்சரும் ஆயாவும் என் மகனைத் தங்கள் பிள்ளையைப் போலத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பால்வாடியில் விடிகாலையில் பிள்ளைகளை விட முடியாது, பிற்பகலில் அழைத்து வந்துவிட வேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் வர வேண்டியதோ காலை ஆறரைக்கு. எட்டு மணிக்குப் பள்ளி வேன் வருவதற்குள் உங்கள் பிள்ளைகளின் டப்பாவில் சாதமும் பொரியலும் இருந்தாக வேண்டும். இரவுச் சப்பாத்திக்கு ஆறு மணிக்கு மேல் மறுபடியும் வர வேண்டும். உங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அதே நேரத்தில்தான் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போகிறது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

சட்டம் பேசாதே என்றவருக்காகவே கொஞ்சம் சட்டமும் பேசுகிறேன். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த அடுக்ககத்துக்கு வந்துபோகும் வேலைக்காரப் பெண்களை வாசலில் நின்று எண்ணினால் ஐம்பதைத் தொட்டுவிடலாம். ஆனால் எங்களுக்கு ஒரு முதலாளி இல்லை. ஆளுக்கு இரண்டு வீடு, மூன்று வீடு, எல்லா வீட்டிலும் "எங்கள் வீட்டில் ஒரு மணி நேர வேலைதானே" என்ற பேச்சு. ஆகவே அந்தச் சட்டம் எங்களைத் தொடாமலேயே போய்விடுகிறது. வீட்டுப் பணியாளர்களின் உரிமைகளுக்கான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் ஜெனீவாவில் நிறைவேறியது. அதற்கு இந்தியா இன்னும் ஏற்பு வழங்கவில்லை. எங்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயும்படி உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரியில் மத்திய அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இலிருந்து நல வாரியம் இருக்கிறது, என்னிடம் அட்டையும் இருக்கிறது. காலை ஆறரைக்கு அந்த அட்டை என் மகனைத் தூக்கி வைத்துக்கொள்ளாது.

"வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை சேலத்தில் இல்லையா, கொலுசு வேலை எடுத்துச் செய்யலாமே" என்று ஒரு சகோதரி அன்பாகவே கேட்டிருந்தார். செய்தேன், அம்மா. என் கணவரே கொலுசுப் பட்டறையில்தான் இருக்கிறார். மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் கொலுசுக்கு முத்துக் கோக்கும் வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து செய்தேன். ஒரு தாம்பாளத்தில் வெள்ளை முத்துகளைக் கொட்டி, மின்விசிறியை அணைத்துவிட்டு, குனிந்தபடியே மணிக்கணக்கில் உட்கார வேண்டும். ஒருநாள் அவள் மூக்கை மூக்கைத் தேய்த்து அழுதாள். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு முத்து. மருத்துவர் சின்ன இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார். அதற்குக் கட்டிய பணம் அந்த வாரக் கூலியைவிட அதிகம். வீட்டிலிருந்தபடி செய்யும் வேலை என்றால் குழந்தை பத்திரமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் வெள்ளியைப் பற்றவைக்கும் அடுப்பும் அமிலக் கிண்ணமும் இருக்கும் அறையை ஒருமுறை வந்து பார்க்கட்டும். இப்போது வெள்ளி விற்கும் விலையில் பட்டறைக்கு ஆர்டரே குறைந்துபோயிருப்பது தனிக் கதை.

சமையலறையில் குழந்தை இருப்பது ஆபத்தில்லையா என்கிறீர்கள். ஆபத்துதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் என் மகனைச் சமையலறைக்குள் விடுவதில்லை. நான் சமைக்கும் ஒரு வீட்டின் துணி காயப்போடும் பால்கனியில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைக்கிறேன். துணிக் கிளிப்புகளை நிறம் நிறமாகப் பிரித்து வரிசையாக அடுக்குவது அவன் விளையாட்டு. அந்த வீட்டுப் பெரியம்மா எழுந்து வந்ததும், "ஏங்கண்ணு, பால் குடிச்சியா?" என்றுதான் முதலில் அவனிடம் கேட்பார். அதே வீட்டிலிருந்தும் அந்த அறிவிப்புக்குக் கையெழுத்துப் போயிருக்கிறது. பெரியம்மாவைக் கேட்டுப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் மூட்டியது அந்த ஆயிரம் ரூபாய்ப் பேச்சு. மகளிர் உரிமைத் தொகை வந்ததிலிருந்து யாரும் வேலைக்கு வருவதில்லையாம், வருகிறவர்களும் பேரம் பேசுகிறார்களாம். 2023 செப்டம்பரில் தொடங்கிய தொகை அது, எனக்கும் வருகிறது. ஆயிரம் ரூபாயில் ஒரு சிலிண்டர் வாங்கினால் மிச்சத்துக்குப் பால் பாக்கெட் எத்தனை வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதை வைத்துக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்காரலாம் என்றால், நான் ஏன் விடியுமுன் கன்னங்குறிச்சியில் பஸ் ஏறுகிறேன்? பேருந்திலும் இலவசம்தானே என்று அடுத்து ஒருவர் வருவார் என்பது தெரியும். ஆமாம், இலவசம்தான். அந்த இலவசத்தில் ஏறி வந்துதான் உங்கள் வீட்டில் சரியான நேரத்துக்குக் குக்கர் வைக்கிறேன். அந்த இலவசத்தின் பாதி உங்கள் வீட்டுக்கும் சேர்ந்ததுதான்.

"கூடுதல் வருமானத்துக்காகத்தானே வருகிறீர்கள், ஒத்துவரவில்லை என்றால் நின்றுகொள்ளலாமே" என்பது இன்னொரு யோசனை. கூடுதல் என்றால் பூவுக்கும் பொட்டுக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அரிசியும் வாடகையும் என் கணவர் சம்பளம். குழுக் கடன் தவணையும் மகளின் நோட்டுப் புத்தகமும் மகனின் காய்ச்சல் மருந்தும் என் சம்பளம். பட்டறையில் வேலை இல்லாத மாதத்தில் அரிசியும் என்னுடையதே. உங்கள் வீட்டிலும் இரண்டு பேர் சம்பாதிக்கிறீர்கள். அதில் எது கூடுதல் என்று யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா? நானும் பி.காம். படித்தவள்தான். அதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், நீங்கள் சொல்ல வைத்துவிட்டீர்கள். படிக்காதவர் கேட்டிருந்தாலும் கேள்வி இதேதான்.

மாமியார் இல்லையா என்று கேட்டவருக்கு: இருக்கிறார், அவரும் இன்னொரு அடுக்ககத்தில் பெருக்கித் துடைக்கிறார்.

கடைசியாக ஒன்று. அறிவிப்பை ஆதரித்து நீளமாக எழுதியவர்களில் ஒருவரின் வீட்டிலிருந்து நேற்று இரவு எனக்குத் தனியாகச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து உறவினர்கள் வருகிறார்களாம், இருபது பேருக்குச் சமைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். வருகிறேன். சமையல் மட்டும், பாத்திரத்துக்குத் தனிக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பள்ளியும் கிடையாது, பால்வாடியும் கிடையாது, ஆகையால் பிள்ளைகள் இருவரும் என்னோடுதான் வருவார்கள். சம்மதம் என்றால் சொல்லுங்கள், சாமான் பட்டியல் அனுப்புகிறேன்.