ஞாயிறு பின்னேரம் பிளஃபர்ஸ் பார்க்குக்குக் கிளம்பாதீர்கள், கிழக்கே வாருங்கள்

சமர் தொடங்கினால் ரொறன்ரோவில் எங்கள் சனத்தில் பாதிப்பேர் ஒரே இடத்துக்குத்தான் காரைத் திருப்புகிறோம். பிரிம்லி வீதியின் தெற்கு முனை, பிளஃபர்ஸ் பார்க். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் அந்த ஒரு செங்குத்தான வீதிதான். வெயில் நல்ல ஞாயிறு என்றால் மத்தியானத்துக்கு முன்னரே வாகனத் தரிப்பிடம் நிரம்பிவிடும். அதன்பிறகு பொலிஸ் வீதியை மறித்துத் திருப்பி அனுப்பும். பின் சீட்டில் பிள்ளைகள் அழ, மடியில் வைத்த சோற்றுச் சட்டி ஆற, ஒரு மணித்தியாலம் காருக்குள்ளேயே போய்விடும். அங்கே போகத்தான் வேண்டும் என்றால் வெள்ளன, 9 மணிக்கு முன்னர் போங்கள். கோடையின் வார இறுதிகளில் பஸ்ஸும் விடுகிறார்கள், அதில் போங்கள்.

ஆனால் ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், போர்ட் யூனியன், வெஸ்ட் ரூஜ், ஹைலன்ட் கிரீக் பக்கம், அமைதியான வீடுகளுக்கு நடுவே இதைவிட நல்ல இடங்கள் இருக்கின்றன. பக்கத்து மல்வேர்னில் இருபது வருடம் இருந்தும் ரூஜ் காட்டுக்குள் ஒருநாள்கூடக் கால் வைக்காத குடும்பங்கள் உண்டு. பெரிய பார்க்கிங்கும் பார்பிக்யூ மேசையும் இருந்தால்தான் அது பார்க் என்ற நினைப்பை விடவேண்டும் என்பதுதான் என் கருத்து. யாரைக் கூட்டிப் போகிறீர்கள், எந்த மாதம், எத்தனை மணி, இந்த மூன்றையும் பார்த்து இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

ஊரிலிருந்து வந்த அம்மம்மா, முழங்கால் நோவுள்ள அப்பா, தள்ளுவண்டியில் குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம். போர்ட் யூனியன் ஏரிக்கரைப் பூங்கா. ஹைலன்ட் கிரீக் ஏரியில் கலக்கும் இடத்திலிருந்து ரூஜ் ஆற்றுப் பக்கம் வரை ஏரியை ஒட்டியபடி 3 கிலோமீட்டருக்கு மேல் நீளும், மட்டமான, போடப்பட்ட பாதை. ஏற்ற இறக்கம் கிடையாது என்றே சொல்லலாம். முன்பு இந்தக் கரையில் தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே நடப்பதற்கு இடமே இருக்கவில்லை. பாறைகளைக் கொண்டு சிறு முனைகள் அமைத்து, அவற்றுக்கு நடுவே கூழாங்கல் கரைகளை உருவாக்கி, கட்டம் கட்டமாகப் பூங்கா ஆக்கினார்கள். லேக்ஷோர் ஈஸ்ட் கோ ரயிலில் வந்து ரூஜ் ஹில் நிலையத்தில் இறங்கினால் ஏரி கண்முன்னே நிற்கும், பாதைக்குச் சில நிமிட நடைதான். கார் ஓடாத பெற்றோர் தாங்களாகவே போய்வரக்கூடிய பூங்கா இது. ஒரேயொரு கவனம்: ரயில் பாதையைக் குறுக்கே கடந்து போகிற ஆட்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், முறையான கடவை வரை நடந்து போங்கள்.

இங்கே குறை என்றால் நிழல்தான். ஜூலை மாதம் மத்தியானம் 12க்கும் 4க்கும் இடையில் வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். காலையோ, பின்னேரம் 6 மணிக்குப் பிறகோ சரி. தொப்பியோடு மெல்லிய ஜக்கெட் ஒன்றும் எடுங்கள். வீட்டு வாசலில் 25 பாகை இருந்தாலும் மே, ஜூன் மாதங்களில் ஏரிக்காற்று உடம்பைக் குளிரப்பண்ணும். கூழாங்கல்லில் கால் பிரளும், அதனால் செருப்பு வேண்டாம், சப்பாத்து போடுங்கள்.

அப்படியே கிழக்கே போனால் லோரன்ஸ் அவெனியூ முடிகிற இடத்தில் ரூஜ் கடற்கரை. எங்கள் வாயில் கடற்கரை என்று வந்தாலும் ஏரிக்கரைதான். ஒரு பக்கம் மணல், மறுபக்கம் ஆற்றின் சதுப்பு, நடுவே ஆறு ஏரியில் விழும் வாய். பாலத்தைக் கடந்தால் பிக்கரிங். சதுப்பின் பக்கம் பத்து நிமிடம் அசையாமல் நின்றாலே பெரிய நீல நாரையையும் வெள்ளைக் கொக்கையும் காணலாம். தரிப்பிடம் சிறியது, வார இறுதியில் 10 மணிக்கெல்லாம் நிரம்பும்.

பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குமுன் மூன்று விடயம். முதலாவது, மழை. பெருமழை பெய்தால் ஆறு நகரத்தின் அழுக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து இந்த வாயில்தான் கொட்டும். குறைந்தது இரண்டு நாள் விட்டுவிடுங்கள். ரொறன்ரோவில் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஈ.கோலை என்ற கிருமி 100க்கு மேல் போனால் குளிக்க வேண்டாம் என்று அறிவிப்பார்கள். ஆனால் அந்தச் சோதனை முடிவு வர ஒரு நாள் எடுக்கும். அதாவது இன்று நீங்கள் வாசிக்கும் அறிவிப்பு நேற்றைய தண்ணீரைப் பற்றியது. இரவு கொட்டித் தீர்த்திருந்தால் அறிவிப்பு என்ன சொன்னாலும் இறங்காதீர்கள். இரண்டாவது, நீரோட்டம். ஆற்றின் வாயருகே அடி திடீரென ஆழமாகும், ஓட்டம் ஏரிப்பக்கம் இழுக்கும். வாயிலிருந்து நன்றாக விலகி நில்லுங்கள். மூன்றாவது, குளிர். மேற்குக் காற்று ஓரிரு நாள் பலமாக அடித்தால் மேற்பரப்பின் சூட்டுத் தண்ணீரை ஏரியின் நடுப்பக்கம் தள்ளிவிடும், அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கரைக்கு ஏறும். ஓகஸ்டிலும் இது நடக்கும். முந்திய கிழமை சுகமாக இருந்த தண்ணீர் இந்தக் கிழமை எலும்பைக் குத்தும். முதலில் முழங்கால் வரை நின்று பாருங்கள்.

வாத்துக்கும் கூஸுக்கும் பாண் பிய்த்துப் போடுவதை இங்கே அடிக்கடி காணலாம். அன்பால் செய்வதுதான், ஆனால் அவற்றுக்கு அது கேடு. நகரச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை.

இனி காடு. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா. 2015இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. பரப்பு 79 சதுர கிலோமீட்டர், ஒன்ராறியோ ஏரியிலிருந்து மார்க்கம், பிக்கரிங் தாண்டி அக்ஸ்பிறிட்ஜ் வரை போகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. இவ்வளவு பெரிய காட்டை மல்வேர்ன் கடைத்தெருவிலிருந்து பத்து நிமிடத்தில் அடையலாம். இது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று எங்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

முதன்முறை போகிறவர்களுக்கு விஸ்டா பாதை. மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் ஸூ வீதியில் தொடக்கம். சற்று தூரம் நடந்தாலே இரண்டு தட்டுப் பார்வை மேடை வரும், லிட்டில் ரூஜ் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். ஒக்டோபர் நடுப்பகுதியில் மேப்பிள் சிவந்து நிற்கும்போது இதற்கு இணையான காட்சி இந்த நகர எல்லைக்குள் இல்லை. தாங்க்ஸ்கிவிங் வார இறுதியில் மட்டும் தவிருங்கள், அதற்கு அடுத்த கிழமை நாள் ஒன்றில் போங்கள். கார் விடும்போது மிருகக்காட்சிசாலையின் தரிப்பிடத்துக்குள் தவறி நுழைந்தால் காசு கட்டவேண்டி வரும், பலகையைப் பார்த்துத் திரும்புங்கள்.

நடக்கப் பழகியவர்களுக்கு மாஸ்ட் பாதை. கப்பலின் பாய்மரத்துக்காக வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி இழுத்துச் சென்ற பழைய வழி, பெயரும் அதனால் வந்ததுதான். ட்வின் ரிவர்ஸ் வீதியிலிருந்து கிளென் ரூஜ் முகாம் வரை 2.5 கிலோமீட்டர். பலபேர் பிழைவிடுவது இந்த எண்ணில்தான். பலகையில் இருப்பது ஒருவழித் தூரம். சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வரும் பாதை இல்லை. ஆக 5 கிலோமீட்டர், அதிலும் மேடு ஏறி இறங்கி. பின்னேரம் 5 மணிக்கு ஒக்டோபரில் தொடங்கினால் திரும்பும்போது வேர் எது கல் எது என்று தெரியாது. சூரியன் மறைய இரண்டரை மணித்தியாலம் இருக்கும்போதே தொடங்குங்கள். ஒருவருக்கு அரை லீற்றர் தண்ணீரும் வேண்டும். விஸ்டா 1.6, ஓர்ச்சர்ட் என்ற இன்னொரு பாதை 2.1 கிலோமீட்டர், அவையும் ஒருவழித் தூரம்தான். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் எல்லாப் பாதையும் சேறு. சேற்றைத் தவிர்க்க ஓரத்தால் நடந்தால் பாதை அகன்று இளஞ்செடிகள் மிதிபடும், அந்த இரண்டு மாதமும் போர்ட் யூனியனோடு நில்லுங்கள்.

கூடாரம் போட ஆசை என்றால் நகர எல்லைக்குள் இருக்கும் ஒரே முகாம் கிளென் ரூஜ்தான். கிங்ஸ்டன் வீதியில் இருக்கிறது, பார்க்ஸ் கனடாவின் தளத்தில் முற்பதிவு செய்யவேண்டும். முதல் தடவை முகாமுக்குப் போகும் குடும்பத்துக்கு நல்ல பயிற்சி, ஏதாவது மறந்தால் கடை பக்கத்திலேயே. 401 நெடுஞ்சாலையின் இரைச்சல் இரவிலும் கேட்கும், அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

உண்ணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் காட்டுக்கு யாரையும் அனுப்பக்கூடாது. லைம் நோயைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணி ரூஜ் பகுதியில் நிலையாக இருக்கிறது. வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே அது நடமாடும், கோடைக்குக் காத்திருக்காது. பறக்காது, பாயாது. புல்லின் நுனியில் முன்கால்களை நீட்டிக்கொண்டு இருக்கும், உரசிப் போகிறவரில் தொற்றிக்கொள்ளும். அதனால்தான் பாதையின் நடுவால் நடங்கள் என்பது. நீளக் காற்சட்டை போட்டு அதன் விளிம்பை மேசுக்குள் செருகுங்கள். வெளிர் நிறம் என்றால் ஊருவது தெரியும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கவட்டுப் பகுதி, கக்கம், காதின் பின்பக்கம், தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள். இளம் உண்ணி கசகசா அளவுதான். கடித்துக்கொண்டு இருந்தால் நுனி மெல்லிய சாவணத்தால் தோலோடு ஒட்டி, தலைப்பக்கம் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். நெருப்புக் குச்சியும் எண்ணெயும் வேண்டவே வேண்டாம், வயிற்றை நசித்தால் உள்ளே இருப்பதை அது உங்கள் உடம்புக்குள் கக்கும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. அதற்கு மேல் இருந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால், எடுத்து 72 மணித்தியாலத்துக்குள் மருந்தகத்துக்குப் போங்கள். ஒன்ராறியோவில் 2023 ஜனவரியிலிருந்து மருந்தாளரே தடுப்பு மருந்து எழுதித் தரலாம், குடும்ப வைத்தியருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 3 நாளிலிருந்து 30 நாளுக்குள் பரவும் சிவப்பு வளையமோ காய்ச்சலோ வந்தால் மட்டும் நேரே வைத்தியரிடம்.

கில்ட் பார்க்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எங்கள் கல்யாண அல்பங்களில் அது ஏற்கனவே இருக்கிறது. இடிக்கப்பட்ட பழைய ரொறன்ரோக் கட்டடங்களின் முகப்புகளையும் தூண்களையும் காப்பாற்றிக் கொண்டுவந்து நிறுத்திய 88 ஏக்கர் பூங்கா. அந்தக் கிரேக்க அரங்கு, 1966இல் இடித்த பாங்க் ஒஃப் ரொறன்ரோவின் கற்கள். படப்பிடிப்புக்காரரை அழைத்துப் போவதென்றால் நகரசபையின் அனுமதியை முன்கூட்டியே எடுங்கள். இங்கும் ஈஸ்ட் பொயின்ட் பார்க்கிலும் மலை விளிம்புக்குப் போகாதீர்கள். இந்தச் செங்குத்துகள் பாறை இல்லை, மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்தவை. களியின் மேல் தேங்கும் நிலத்தடி நீர் பக்கவாட்டில் கசியும்போது மணலையும் இழுத்துக்கொண்டு போகும். மேலே புல் மட்டும் வேரின் பலத்தில் தாழ்வாரம்போல நீட்டிக்கொண்டு நிற்கும். செல்ஃபி எடுக்கிறவர் நிற்பது அந்தத் தாழ்வாரத்தில்.

கூட்டமாகச் சாப்பிட்டு விளையாட மோர்னிங்சைட் பார்க். 241 ஹெக்டேர், நகரசபையின் பூங்காக்களில் மிகப் பெரியது. 25 பேருக்கு மேல் என்றால் அனுமதி எடுக்கவேண்டும். எடுக்காமல் மேசையைப் பிடித்தால், அனுமதியோடு வரும் குழுவுக்கு எழும்பிக் கொடுக்கவேண்டி வரும், ஆட்டிறைச்சி பாதி வெந்த நேரத்தில். கரித்தணலை மரத்தடியில் கொட்டாதீர்கள், வேர் கருகி அந்த மரம் அடுத்த வருடம் பட்டுப்போகும். தணலுக்கென்று தனித் தொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மோர்னிங்சைட்டின் பெரும் சிறப்பு சாப்பாடு இல்லை. செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை சினூக் சால்மன் ஏரியிலிருந்து ஹைலன்ட் கிரீக்கில் ஏறி வரும். நல்ல மழை பெய்து ஆறு நிரம்பி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ கலங்கல் தெளியும்போது காலையில் போங்கள். தண்ணீரின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்ட் கண்ணாடி இருந்தால் போடுங்கள், அது இல்லாமல் பாதி மீன் கண்ணில் படாது. ஆழம் குறைந்து தண்ணீர் சலசலக்கத் தொடங்கும் இடத்தில் பார்வையை நிறுத்துங்கள். பெண்மீன் பக்கவாட்டில் சரிந்து வாலால் கூழாங்கல்லை அடித்து அடித்துக் குழி பறிக்கும். அடித்து அடித்தே அதன் வால் ஓரம் தோலுரிந்து வெளுத்திருக்கும். சுற்றியுள்ள கற்கள் பாசி படிந்து கறுத்திருக்க, குழி மட்டும் கழுவி விட்டதுபோல வெளிறித் தெரியும். முட்டை அந்தக் கல்லுக்கடியில் குளிர்காலம் முழுவதும் கிடந்து அடுத்த வசந்தத்தில்தான் பொரிக்கும். அதனால் பிள்ளைகளையும் நாயையும் ஆற்றுக்குள் இறக்காதீர்கள், கல் எறிய விடாதீர்கள், களைத்து ஒதுங்கிய மீனைக் கையால் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். முட்டையிட்டு முடிந்ததும் அது செத்துப்போகும், கரையில் நாறிக் கிடப்பதைக் கண்டு நகரசபைக்கு முறைப்பாடு சொல்லத் தேவையில்லை. கிழமை நாள் காலை 8 மணி, மோர்னிங்சைட் 116 பஸ், தண்ணீர் புகாத சப்பாத்து, இவ்வளவும் போதும்.