கிளைபெரா: சலுகை கம்பெனிக்கு, பொறுப்பு யாருக்கு?

அரிய நோய்க்கான ஒரு ஜீன் தெரபிக்கு (வேலை செய்யும் மரபணுவை உடலில் செலுத்தும் சிகிச்சைக்கு) 'ஆர்ஃபன் டிரக்' தகுதி, அதாவது அரிய நோய் மருந்தை உருவாக்கும் கம்பெனிக்கான சலுகைத் தகுதி, கிடைத்தது என்று செய்தி வந்தால், மருந்தே கைக்கு வந்துவிட்ட மாதிரி பகிர்கிறோம். எனக்கு உடனே லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் குறைபாட்டுக்கு வந்த கிளைபெரா என்ற ஜீன் தெரபிதான் நினைவுக்கு வரும்.

இந்தக் குறைபாடு பிறவியிலேயே வரும் நோய். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இருக்கும். இரத்தத்தில் சேரும் கொழுப்பை உடைக்கும் நொதி இவர்களுக்கு வேலை செய்யாது. இரத்தம் எடுத்தால் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். கணையம் வீங்கித் தாங்க முடியாத வயிற்றுவலி வரும், சிலருக்கு உயிரே போகும். கனடாவில் கியூபெக்கின் சாகனே பகுதியில் இது வழக்கத்துக்கு மாறாக அதிகம். பழைய பிரெஞ்சுக் குடியேறிகளின் வழியில் வந்தது.

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு, நெதர்லாந்துக் கம்பெனி ஒன்றின் கையில் மருந்தாக வளர்ந்தது. ஐரோப்பா 2004இல் அதற்கு ஆர்ஃபன் தகுதி கொடுத்தது. 10,000 பேரில் 5 பேருக்கு மேல் வராத நோய் என்றால் கம்பெனிக்கு விண்ணப்பக் கட்டணத்தில் சலுகை உண்டு, அனுமதி கிடைத்த பிறகு 10 ஆண்டு போட்டியில்லாத சந்தையும் உண்டு. சரி, இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தச் சலுகை இல்லையென்றால் இந்த நோயை எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்த்திருக்காது.

2012இல் அனுமதி வந்தது. மேற்கு நாடுகளில் அனுமதி பெற்ற முதல் ஜீன் தெரபி இதுதான். (அதற்கு முன் நிபுணர் குழு மறுத்திருந்தது. சோதனையில் இருந்தவர்களே 27 பேர்தான், அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.) விலை ஏறத்தாழ 10 லட்சம் யூரோ. விலை கொடுத்துப் போட்டுக்கொண்டவர் மொத்தமே ஒருவர், 2015இல் பெர்லினில். அதற்கும் அவருடைய டாக்டர் ஆய்வேடு கனத்துக்கு விண்ணப்பம் எழுதி, இன்சூரன்ஸ் கம்பெனித் தலைவருக்கே நேரடியாகப் போன் செய்து கேட்க வேண்டியிருந்தது.

2017 அக்டோபரில் உரிமம் காலாவதியானது. கம்பெனி புதுப்பிக்கவில்லை, கட்டுபடியாகவில்லையாம். மிச்சமிருந்த மூன்று டோஸை மூன்று பேருக்குத் தலா 1 யூரோவுக்குக் கொடுத்தார்கள். நேற்றுவரை 10 லட்சம்! சாகனேக்காரர்கள் வாங்க நினைத்தாலும் முடிந்திருக்காது, கனடாவில் அது விற்பனைக்கே வரவில்லை.

நஷ்டத்தில் ஓட்டு என்று எந்தக் கம்பெனியையும் கட்டாயப்படுத்த முடியாது, போகட்டும். ஆனால் தகுதியைக் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போடலாமே: லாபமில்லை என்று விலகினால், தயாரிப்பு முறையையும் சோதனைத் தரவையும் உரிமையையும் ஒரு பொது ஆய்வகத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். முதலீடு ஓடிவிடும் என்பார்கள். லாபமில்லை என்று அவர்களே கைவிட்ட பொருளைக் கொடுப்பதில் என்ன முதலீடு ஓடும்?

நிபந்தனை எதுவும் இல்லாததால் என்ன ஆயிற்று? இந்தச் சிகிச்சையைக் குறைந்த விலையில் திரும்ப உருவாக்கும் வேலையில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இறங்க வேண்டியதாயிற்று. அதற்கும் மக்கள் வரிப்பணம்தான்.