ராத்திரி முழுக்க ஓடும் பில்லிங் கம்ப்யூட்டர்

அண்ணாச்சி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால், ராத்திரி முழுக்க ஓடவிடுவதைவிடக் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. பூட் ஆகும் 2 நிமிடமும் 150 வாட் இழுத்தால்கூட செலவு 0.005 யூனிட்தான். சும்மா நிற்கும் டெஸ்க்டாப்புக்கு மானிட்டரோடு சேர்த்து 60 வாட் என்று வைத்தாலும், 12 மணி நேரத்துக்கு 0.72 யூனிட் ஆகிவிடும்.

நீங்களே பார்த்துவிடலாம். டவுன் ரதவீதியில் எங்கள் கடையில் 4 பில்லிங் கம்ப்யூட்டர். ஷட்டர் இறக்கும்போது ஒரு தடவை, காலையில் திறந்ததும் ஒரு தடவை ஈபி மீட்டர் ரீடிங்கை நோட்டில் குறித்தோம். முதல் நாள் ஓடவிட்டு, மறுநாள் அணைத்துவிட்டு. வித்தியாசம் கிட்டத்தட்ட 3 யூனிட் வந்தது. சரி, ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஃபிரிட்ஜ், சிசிடிவி எல்லாம் இரண்டு ராத்திரியும் ஒரே மாதிரி ஓட வேண்டும்.